சோடாக் கடையும் பாறை மேல் வீடும்
‘பூக்குழி’ நாவல் பற்றிய ஒரு திறனாய்வு

திருச்செங்கோட்டு வட்டாரத்தில் பிறந்த பெருமாள்முருகன் எழுதிய ‘பூக்குழி’ 2013இல் வெளிவந்தது. அனிருத்தன் வாசுதேவன் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, 2023இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. சாதி கடந்த திருமணத்தைப் பற்றிய நாவல் என்றே இதனைப் பலரும் கூறுவர். அது உண்மையே. எனினும், இருவேறு வாழ்க்கை முறைகளுக்கிடையே உரையாடல் எங்கே பிறக்கிறது, எங்கே மடிகிறது என்னும் வினாவோடு இதனை வாசிப்பது, சேலம், நாமக்கல் சமவெளியில் திருப்பணியாற்றுவோர்க்கு மிகுந்த பயன் தரும்.

கதை எளியது. கிராமத்து இளைஞனாகிய குமரேசன் பிழைப்புத் தேடித் தோலூருக்குச் செல்கிறான். அங்கே பாய் அண்ணனிடம் சோடாத் தொழில் கற்கிறான். அண்டை வீட்டுச் சரோஜாவைக் காதலித்து மணந்து, பாறை மேல் அமைந்த தன் வீட்டிற்கு அழைத்து வருகிறான். தாய் மாராயியின் ஓயாத புலம்பலும், உறவினரின் இகழ்ச்சியும், ஊர் விலக்கும் அவ்விருவரையும் சூழ்கின்றன. இறுதியில், கருவுற்றிருக்கும் சரோஜா ஒளிந்துள்ள புதருக்கு ஊரார் தீ வைக்கின்றனர். மெய்யன்பருடைய கால்களைச் சுடாது என்று நம்பப்படும் தீமிதிக் குழியின் பெயர், இங்கே கொலைத் தீக்குப் பெயராகி நிற்கிறது.

இந்நாவலில் தொழில் தாராள மனம் உடையது. சோடாப் புட்டி நிரப்பக் கற்பவனிடம் பாய் அண்ணன் குலம் கோத்திரம் பார்ப்பதில்லை. வேலைக்கு வேண்டிய நேர்மையும் உழைப்புமே அங்கு அளவுகோல். ஆயின் வீட்டு வாசலில் அந்த அளவுகோல் செல்லாது. சரோஜாவை நோக்கிக் கிராமம் கேட்பது ஒரே கேள்வி: ‘என்ன சாதி?’ அவளுக்கு எது தெரியும், எது பிடிக்கும் என்று கேட்பார் இல்லை. அவளுடைய வெளுத்த நிறமும் வேறுபட்ட பேச்சும் அக்கேள்விக்கான தடயங்களாகவே நோக்கப்படுகின்றன.

அவளது சாதியை ஆசிரியர் கடைசிவரை கூறவில்லை. இதுவே நாவலின் தலைசிறந்த உத்தி என்பது என் கருத்து. அதனை அறிய விரும்பும் வாசகர், தாமும் அந்த ஊராரோடு ஒருவராய் நிற்பதைத் திடுக்கிட்டு உணர்வர்.

குமரேசனும் குற்றமற்றவன் அல்லன். யார் எது கேட்டாலும் வாய் திறவாதே என்று மனைவிக்கு அறிவுறுத்துகிறான். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என நம்புகிறான். தன் ஊர் எத்தகையது என்பதை அவளிடம் முன்னரே மனம் திறந்து பேசவில்லை. அன்பு உண்டு, உரையாடல் இல்லை. அவன் கேடயம் என்று எண்ணிய மௌனமே அவளைத் தனிமைச் சிறைக்குள் தள்ளுகிறது.

குறையும் சுட்டப்பட வேண்டும். இளமையிலேயே கணவனை இழந்து, ஒற்றை மகனை வளர்த்தெடுத்த மாராயியின் அச்சத்தை நாவல் வெளியிலிருந்தே காட்டுகிறது. அவள் உள்ளத்துள் போதிய அளவு நுழையவில்லை. சரோஜாவும் பெரும்பாலும் கேட்பவளாகவும் அஞ்சுபவளாகவும் மட்டுமே நிற்கிறாள்.

இது கற்பனையின் மிகை என்று ஒதுக்க இயலாது. 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி ஒருவர், உடன் படித்த வேற்றுச் சாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் நாமக்கல்லின் லாரிகளும் நாடெங்கும் செல்கின்றன. விடுதிப் பள்ளிகளைத் தேடிப் பல மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கு வருகின்றனர். வகுப்பறையும் தொழிலும் மக்களை ஒருங்கே அமர்த்துகின்றன. ஆயினும் இருவர் அமர்ந்து பேசியதே ஒருவருக்கு மரணமாயிற்று.

நாம் வேறு என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டோ? தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி நீங்க வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே ஆணையிட்டார். இன்றும் திருமணப் பேச்சு எழும்போது, திருமுழுக்குச் சான்றோடு அந்தப் பழைய கேள்வியும் மெல்லிய குரலில் கேட்கப்படுவதை ஆயர்கள் அறிவர். அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டு வந்த பேதுரு, சிலர் வந்ததும் பந்தியினின்று விலகினார். அதற்காகப் பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை விளக்கிப் போதிப்பது நமக்கு எளிது. வேற்று இல்லத்திலிருந்து வந்த மருமகளிடம், ‘உனக்கு இங்கே என்ன கடினம், அம்மா?’ என்று கேட்கும் மாமியாரை நம் சபைகளில் உருவாக்குவது அரிது. சரோஜாவிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை. திருமண ஆயத்த வகுப்புகளை நடத்தும் ஆயர்களும், நடத்தவிருக்கும் மாணவர்களும் இந்நாவலை ஒருமுறையேனும் படித்தல் வேண்டும்.