சோலாவின் 'லூர்து': சான்றும் தீர்ப்பும்

நாவலும் அறிவியல் முறைப்படியே அமைய வேண்டுமென 1880-இல் வாதிட்டவர் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் சோலா. 1892 ஆகஸ்டில் லூர்து நகர் சென்ற அவர், காசநோயால் நலிந்திருந்த மரி லெப்ராஞ்சு குணம்பெற்று நின்றதை நேரில் கண்டார். 1894-இல் வெளிவந்த 'லூர்து' நாவலிலோ, அப்பெண்ணின் சாயலில் படைக்கப்பட்ட லா கிரிவோத், ஊர் திரும்பும் இரயிலிலேயே மீண்டும் நோயுற்று வீழ்கிறாள். உண்மையில் மரி 1920 வரை வாழ்ந்தார்.

நோயாளிகளின் துயரைச் சோலா பரிவோடு தீட்டியுள்ளார் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. கற்பனைக்கும் உரிமை உண்டு. ஆயினும், ஆய்வையே தம் நெறியாகக் கொண்டவர் தம் கொள்கைக்கு ஒவ்வாத சான்றை மாற்றியமைப்பது முறையாகுமா? சான்றை ஆராயுமுன் தீர்ப்பெழுதிய இக்குறையை அறிவியலின்மேல் சுமத்துவது நியாயமாகாது.

1883 முதல் லூர்தில் இயங்கிவரும் மருத்துவப் பணியகம் ஒவ்வொரு குணத்தையும் ஆராய்கிறது. மருத்துவர்கள் சொல்லக்கூடியது, 'இன்றைய மருத்துவ அறிவால் விளக்க இயலவில்லை' என்பது மட்டுமே. புதுமையென அறிவிப்பது ஆயரின் பொறுப்பு. உடல் பெற்ற நலத்தை அறிவியல் அளக்கலாம். அதனால் உள்ளம் பெற்றதை அளக்க அதனிடம் கருவியில்லை.

காய்ச்சல் தணிந்ததையெல்லாம் புதுமையெனப் பறைசாற்றும் நம் அவசரமும் சோலாவின் குறையே. ஆய்வுக்கு நம் விசுவாசம் அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய அவசரத்திற்கே அஞ்ச வேண்டும்.