எக்ஸெட்டரின் தயக்கம்

விஞ்ஞானப் புனைகதை என்றதும் நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பறக்கும் தட்டும் ஒளிக்கதிர்த் துப்பாக்கியும் பிள்ளைகளின் சமாச்சாரம் என்பது தீவிர இலக்கியக்காரர்களின் தீர்ப்பு. இத்தீர்ப்பைக் கேள்விக்குட்படுத்த அத்துறையின் மேதைகளை அழைத்துவர வேண்டியதில்லை. இன்று பார்த்தால் பல இடங்களில் சிரிப்பு வருகிற ஒரு பழைய ஹொலிவூட் படமே போதும். 1955இல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'திஸ் ஐலண்ட் ஏர்த்' என்ற அந்தப் படத்தை ஜோசப் நியூமன் நெறியாள்கை செய்திருந்தார். 1996இல் இப்படத்தைத் திரையில் ஓடவிட்டு, வசனத்துக்கு வசனம் கிண்டலடிக்கும் இன்னொரு படமே அமெரிக்காவில் வெளியானது. கிண்டலுக்குரிய படந்தான். ஆனால் அதன் நடுவே எக்ஸெட்டர் என்றொரு பாத்திரம் நிற்கிறது. அதிகாரத்தின் கட்டளையைச் சுமந்துகொண்டு, அதில் முழு மனது இல்லாமல், அந்நியரின் வாசலில் உதவி கேட்டு வந்து நிற்கும் ஓர் அதிகாரி. இக்கட்டுரை அவனைப் பற்றியது.

படத்தின் மூலம் ரேமண்ட் எஃப். ஜோன்ஸ் எழுதிய நாவல். 1949, 1950ஆம் ஆண்டுகளில் ஒரு மலிவு விலைச் சஞ்சிகையில் மூன்று குறுங்கதைகளாக வந்து, 1952இல் நூலாயிற்று. நாவலுக்கும் படத்துக்கும் இடையிலுள்ள தூரம் முக்கியமானது. அதற்குப் பின்னர் வருவோம்.

கதை பலருக்குத் தெரிந்திருக்காது என்பதால் சுருக்கமாக: கெல் மீச்சம் என்ற மின்னணுவியல் விஞ்ஞானிக்குத் தான் கேட்டிராத உதிரிப்பாகங்களும் ஒரு விபரக்கொத்தும் வந்துசேர்கின்றன. இரண்டாயிரத்துக்கும் அதிகமான பாகங்களைப் பொருத்தி அவன் உருவாக்கும் 'இன்டரோசிட்டர்' என்ற கருவியின் முக்கோணத் திரையில் வெண்முடியும் உயர்ந்த நெற்றியுமாக ஒருவன் தோன்றுகிறான். அவன்தான் எக்ஸெட்டர். நீ பரீட்சையில் தேறிவிட்டாய், எங்களோடு வந்து சேர் என்கிறான். ஓட்டுநர் இல்லாத விமானம் ஒன்று மீச்சத்தை ஜோர்ஜியாவிலுள்ள மாளிகைக்குக் கொண்டுபோகிறது. அங்கே ரூத் அடம்ஸ், ஸ்டீவ் கார்ல்சன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் ஏற்கனவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். போரை ஒழிப்பதற்காக இங்கே கூடியிருக்கிறோம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். உண்மை வேறு. எக்ஸெட்டர் மெட்டலூனா என்ற கிரகத்தவன். ஸாகோன் என்னும் எதிரிகள் விண்கற்களை ஏவி அக்கிரகத்தை அழித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சூழ்ந்துள்ள பாதுகாப்புப் படலம் தேய்ந்து வருகிறது. அதைத் தாங்கிப்பிடிக்க அணுசக்தி வேண்டும். யுரேனியமோ தீர்ந்துபோகிறது. அதற்கு வழி காணத்தான் மனித மூளைகள்.

உதவி கேட்பதற்கும் ஓர் அதபு உண்டு. கேட்பவன் முதலில் தான் யார், எங்கிருந்து வருகிறேன், என்ன தேவை என்பதைச் சொல்ல வேண்டும். கேட்கப்பட்டவனுக்கு இல்லை என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிட்டால் அதன் பெயர் உதவியல்ல, ஆட்சேர்ப்பு. எக்ஸெட்டர் செய்வது ஆட்சேர்ப்பு. ஆனால் எவ்வளவு பண்பாக! நல்ல விருந்து, தாழ்ந்த குரல், பின்னணியில் இசை. அந்த விருந்தில் ஒரு சின்னச் சறுக்கல் வருகிறது. மொசார்ட் என்ற பெயர் காதில் விழும்போது அந்த ஆளைத் தெரியாது என்பதுபோல விழித்து, பிறகு சுதாரித்துக்கொண்டு 'உங்கள்' இசையமைப்பாளர் என்கிறான். முழுப் படத்திலும் திரைக்கதையாளர்கள் மிக நுட்பமாக எழுதிய இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். 'உங்கள்' என்ற அந்த ஒரு சொல்லில் வேடம் கலைகிறது. நம்மவர் போல வந்து அமர்ந்தவர் நம்மவர் அல்லர் என்று தெரியவருகிற கணம். அதற்குமேல் எந்தப் பறக்கும் தட்டும் தேவையில்லை.

எக்ஸெட்டரை நடித்த ஜெஃப் மொறோவையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அட்டை மலைகளும் இரப்பர்ப் பூச்சிகளும் நிறைந்த படத்தில், களைப்பை நடித்திருக்கிறார் அவர். தோற்றுக்கொண்டிருக்கும் நாட்டின் உத்தியோகத்தனுக்குரிய களைப்பு. கோபமோ வெறியோ அவனிடம் இல்லை. காலம் போதாது என்ற பதற்றத்தைப் பண்பாட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான்.

படத்தைப் பாராட்டும் விமர்சகர்கள் பெரும்பாலும் எக்ஸெட்டரை மனச்சாட்சியின் குரலாகவே வாசிக்கிறார்கள். அக்கால ஹொலிவூட்டில் வேற்றுக்கிரகவாசி என்றால் ஒன்றில் கம்யூனிஸ்ட்டின் உருவகம், அல்லது விண்ணிலிருந்து உபதேசிக்க வந்த பெரியவர். இரண்டிலும் அடங்காத ஒருவனைக் காட்டியது இப்படத்தின் சாதனை என்பது உண்மையே. ஆனால் அவனது தயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாளிகையில் மனித மூளைகளைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. மேலிடம் அதைப் பாவிக்கச் சொல்கிறது. எக்ஸெட்டர் அதை விரும்பவில்லை. ஏன்? அந்தக் கருவி பட்ட மூளை கீழ்ப்படியும், ஆனால் புதிதாக எதையும் சிந்திக்காது. அப்படிப்பட்ட விஞ்ஞானியால் மெட்டலூனாவுக்கு என்ன பயன்? ஆக, முதலில் அவனது எதிர்ப்பு ஓர் திறமையான நிர்வாகியின் எதிர்ப்பு. கருவி பாவம் என்பதால் அல்ல, பயனற்றது என்பதால். ரூத்தும் ஸ்டீவும் மீச்சமும் அதிலிருந்து தப்புவது இந்தக் கணக்கினால்தான்.

மேலிடம் மாளிகையைக் கைவிட்டுத் திரும்பி வரக் கட்டளையிடுகிறது. தப்பியோடும் விஞ்ஞானிகள் மீது கதிர்கள் பாய்கின்றன. மற்றவர்களைக் காப்பாற்றத் தாக்குதலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட ஸ்டீவ் கொல்லப்படுகிறான். மாளிகை வெடித்துச் சிதறுகிறது. எக்ஸெட்டர் கப்பலில் இருக்கிறான். மீச்சமும் ரூத்தும் ஏறிய சிறு விமானத்தைப் பச்சைக் கதிரொன்று அப்படியே கப்பலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கொலைகளை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டும்போது அவனால் அவற்றை மறுக்க முடியவில்லை. வருந்துகிறான். அந்த வருத்தம் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. நிய்யத்தைப் பற்றிய நபிமொழி நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் நிய்யத் நல்லதென்று காட்டிச் செயலைக் கழுவிக்கொள்ள முடியாது என்பதும் அதே மார்க்கத்தின் பாடந்தானே. எக்ஸெட்டரின் நல்ல எண்ணம் ஸ்டீவுக்கு எந்த விதத்தில் உதவியது?

இன்னுமொன்று. அவனுடைய பண்பு இல்லாவிட்டால் அந்த மாளிகையில் யாரும் வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள். அவனது உதவியாளன் பிராக் முரடன், அவனை யாரும் நம்பமாட்டார்கள். மெட்டலூனாவின் அதிகாரம் பூமியில் வேர்விட எக்ஸெட்டர் போன்ற ஒருவனின் மென்மை அவசியமாக இருந்தது. தயங்கும் அதிகாரி அதிகாரத்தின் எதிரியல்லன், பல வேளைகளில் அதன் மிகச் சிறந்த கருவி அவன்தான் என்ற உண்மையைப் படம் காட்டுகிறது. காட்டியது படத்துக்கே தெரிந்திருந்ததா என்பது ஐயம்.

மெட்டலூனாவை அடைந்ததும் கதை தடுமாறுகிறது. எந்த உதவிக்காக இருவரையும் இத்தனை தூரம் கொண்டுவந்தார்களோ, அந்த உதவிக்கான காலம் கடந்துவிட்டது. மீச்சம் ஓர் ஆய்வுகூடத்தையும் காணவில்லை, ஒரு திருகாணியையும் திருப்பவில்லை. கிரகத்தின் தலைவன், இனிப் பூமிக்கே குடிபெயரப் போகிறோம் என்கிறான். இவ்விருவரின் மூளையையும் அடக்க உத்தரவிடுகிறான். இந்த இடத்தில்தான் எக்ஸெட்டர் முதன்முறையாக இது அறம் அல்ல என்று நிற்கிறான். பயன்பாட்டுக் கணக்கைத் தாண்டி வருகிறான். காப்பாற்ற இனி நாடு இல்லை என்ற நிலையில் அந்த வார்த்தை வருகிறது. நாடு எஞ்சியிருந்தால் வந்திருக்குமா? படம் இக்கேள்வியைத் தொடவே இல்லை.

தலைவனோடான வாக்குவாதத்தில், மனிதரின் உண்மையான அளவு அவர்களது இறைவனின் அளவே என்ற கருத்துப்பட மீச்சம் பதிலளிக்கிறான். அமெரிக்கத் திரையரங்குகளில் இதற்குக் கைதட்டல் கிடைத்திருக்கலாம். கடவுளற்ற கம்யூனிசத்துக்கெதிரான பிரசங்கத்தின் எதிரொலி அது. அல்லாஹ்வுக்கு அளவு பேசுவதும், அந்த அளவைக் கொண்டு தன்னை உயர்த்துவதும் நமக்கு உவப்பான பேச்சல்ல. அடிமை என்ற சொல்லிலிருந்து தொடங்குகிற மனிதனுக்கு அந்த விவாதமே வேறுவிதமாக அமைந்திருக்கும்.

அழியும் மெட்டலூனாவுக்காக நாம் அழவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இடிபாடுகளைக் காண்கிறோம். அங்கு வாழ்ந்த ஒரு தாயை, ஒரு கடைக்காரனைக் காணவில்லை. காண்பதெல்லாம் ஒரு தலைவனையும், கூலிவேலைக்கென்று வளர்க்கப்பட்ட பூச்சி உருவ அடிமைகளையும். அந்த அடிமைகளில் ஒன்று எக்ஸெட்டரைத் தாக்கிக் காயப்படுத்துகிறது. பார்வையாளர் பயப்பட வேண்டும் என்பதற்காகச் சேர்த்த காட்சி. ஆனால் வேறொரு கண்ணால் பார்த்தால், காப்பாற்றப்பட வேண்டும் என்று மன்றாடப்பட்ட அந்தக் கிரகத்தின் சமூக ஒழுங்கு எப்படியிருந்தது என்பதற்கான ஒரேயொரு சாட்சியம் அதுதான்.

இப்போது நாவலுக்கு வருவோம். படத்தின் தலைப்பு படத்துக்குள் எந்த அர்த்தமும் தருவதில்லை. அதன் பொருள் நாவலிலேயே தங்கிவிட்டது. நாவலில் ஜோர்காஸ்னோவாரா என்ற வேற்றுலகத்தவன் மீச்சத்துக்கு ஓர் உவமை சொல்கிறான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பெரிய வல்லரசுகள் வந்திறங்கின. ஓடுபாதை அமைக்கத் தீவு மக்களை வேலைக்கு வைத்தன. யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை என்பது அம்மக்களுக்குத் தெரியாது. விண்மீன் கூட்டங்களுக்கிடையிலான போரில் பூமியும் அப்படியொரு தீவுதான்.

இவ்வுவமையைத் தீவில் இருந்து வாசிக்கும்போது அதன் கனமே வேறு. நமக்கு அருகிலேயே மாலைதீவின் அட்டு அட்டோலில் பிரித்தானியக் கடற்படை அதே போரின்போது இரகசியத் தளம் அமைத்தது. பின்னர் 1950களின் இறுதியில் விமானப்படைத் தளத்துக்காகக் கன் தீவின் மக்கள் அயல் தீவுகளுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். 1976இல் தளம் மூடப்பட்டது. ஜோன்ஸ் இதையெல்லாம் நினைத்து எழுதவில்லை. அமெரிக்க எழுத்தாளராகப் பசிபிக்கைத்தான் நினைத்தார். இருந்தும் ஓடுபாதையை அமைத்தவனின் பக்கத்திலிருந்து போரைப் பார்க்க ஒரு மலிவுச் சஞ்சிகைக் கதைக்கு முடிந்திருக்கிறது. கோடிக்கணக்கில் விற்ற பல போர் நாவல்களுக்கு அது முடியவில்லை.

நாவலின் முடிவும் வேறு. வேற்றுலகத்தவரின் போரை நடத்துவது கணிக்கும் இயந்திரங்கள். அவற்றின் கணக்குப்படி பூமியை எதிரிக்குக் கைவிடுவதே இலாபம். மீச்சம் அவர்களது சபையில் எழுந்து வாதாடுகிறான். உங்கள் இயந்திரம் சொல்வதை எதிரியும் முன்கூட்டியே கணித்துவிடுகிறான், அதனால்தான் தோற்கிறீர்கள் என்கிறான். தீவுவாசி பெரியவர்களின் சபையில் பேசுகிறான், சபை தன் முடிவை மாற்றுகிறது. எழுத்தில் இது வரட்சியான பகுதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜோன்ஸின் உரைநடையில் ஈரம் குறைவு. ஆனால் அரசியல் ரீதியாகப் படத்தைவிட நாவல் பல படி முன்னால் நிற்கிறது. படம் தீவுவாசியின் வாயை மூடிவிட்டு, அந்த இடத்தில் நல்ல அதிகாரியின் துயரத்தை வைத்துவிட்டது.

வால்டர் டெவிஸின் 'தி மேன் ஹூ ஃபெல் டு ஏர்த்' நாவலையும் (1963) இங்கே ஒரு வரியில் நினைவுகூரலாம். அதில் வரும் நியூட்டனும் வறண்டு சாகும் தன் கிரகத்துக்காகவே பூமிக்கு வருகிறான், அவனும் தன்னை மறைக்கிறான். ஆனால் அவனது தோல்விக்கு வீரமரணம் என்ற பூச்சு இல்லை. குடியிலும் குருட்டிலும் முடிகிறான். டெவிஸ் தன் பாத்திரத்தை மன்னிக்கவும் இல்லை, அலங்கரிக்கவும் இல்லை. அங்கே இருப்பது இலக்கியத்தின் நேர்மை.

இதையெல்லாம் எழுத ஒரு காரணம் உண்டு. நமது போர்க்காலச் சிறுகதைகளில் இந்த நல்ல அதிகாரி அடிக்கடி தலைகாட்டுகிறார். சோதனைச் சாவடியில் ஒரு மனிதாபிமானி, கட்டளையை வாசிக்கும்போது குரல் தழுதழுக்கும் ஓர் இளைஞன். அப்படியானவர்கள் இருந்தார்கள், இருக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கதை அவர் கண்ணில் துளிர்க்கும் நீரோடு முடிந்துவிடும்போது, மூட்டையைக் கட்டிக்கொண்டு போனவர்கள் கதைக்கு வெளியே விழுந்துவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. எக்ஸெட்டரை எழுதியவர்களுக்குக் கிடைத்ததும் அதே சமாதானந்தான்.

படத்தின் முடிவைப் பாருங்கள். காயப்பட்ட எக்ஸெட்டர் இருவரையும் அவர்களது சிறு விமானத்தில் ஏற்றி விடுவிக்கிறான். எங்களோடு இறங்கி வா என்ற அழைப்பை மறுக்கிறான். பிரபஞ்சத்தில் தன்னைப் போன்ற வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடப்போவதாகச் சொல்கிறான். கப்பலில் அதற்கான சக்தி எஞ்சியிருக்கவில்லை என்பது மூவருக்கும் தெரியும். தீப்பிடித்த கப்பல் கடலில் விழுகிறது. இசை உயர்கிறது. மீச்சமும் ரூத்தும் வீடு நோக்கிப் பறக்கிறார்கள். அவர்கள் இறங்கியதும் யாராவது ஸ்டீவ் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் காட்சி படத்தில் இல்லை.