படித்த கதையும் பார்த்த கதையும்

பாடப் புத்தகங்களை நம் விமரிசகர்கள் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு நாவல் வந்தால் நாலு பேர் எழுதுகிறோம். கவிதைத் தொகுதி வந்தால் இரண்டு பேராவது சண்டை போடுகிறோம். ஆனால் வருஷந்தோறும் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரும் ஒரு கதைத் தொகுதியைப் பற்றி நமக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். அயர்லாந்துக்காரரான லியம் ஓஃப்ளஹர்ட்டி, அமெரிக்கரான ஜேம்ஸ் தர்பர், வங்காளத்து சத்யஜித் ராய், பிரான்ஸின் அல்போன்ஸ் டோடே ஆகியோரின் கதைகள் அதில் இருக்கின்றன. ரசனை உள்ளவர்கள் செய்த தேர்வுதான், சந்தேகமில்லை.

கதைகளைத் தவிர அதில் இன்னொன்றும் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக அச்சான ஒரு சிறு சதுரம். க்யூ.ஆர். கோடு என்கிறார்கள். 2018இல் வந்த புதிய பாடநூல்களோடு தொடங்கிய வழக்கம் இது. செல்போனை அதன்மேல் காட்டினால் பாடத்தை விளக்கும் காணொளி ஓடும். தீக்ஷா என்ற தேசியத் தளம் இதற்கு ஆதாரம். அதை அப்போதைய துணை ஜனாதிபதி வெங்கையா நாயுடு தொடங்கிவைத்த நாள் 2017 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். அதாவது நம் முதல் துணை ஜனாதிபதியான ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த நாள். அவர் பிறந்த ஊர் திருத்தணி.

எனவே இந்தச் சதுரத்தின் குணதோஷங்களைத் திருத்தணியை மனத்தில் வைத்துக்கொண்டு ஆராய்வது பொருத்தமாக இருக்கும். வேறொரு காரணமும் உண்டு. ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்த அந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அங்கே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று மோதாமல் நடமாடுகின்றன. இரண்டு பாஷைகளை இலக்கணப் புத்தகம் இல்லாமலே பேசிவிடுகிற ஒரு பிள்ளை, மூன்றாவதான ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறான்?

ஆங்கிலத்தில் கண்ணுக்கும் காதுக்கும் உறவு சரியில்லை. அதுதான் காரணம். தெலுங்கை எழுதியபடியே வாசித்துவிடலாம். தமிழையும் அநேகமாக அப்படித்தான். ஆங்கிலத்திலோ ‘தோ’, ‘த்ரூ’, ‘காஃப்’ என்ற மூன்று சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கின்றன. இருபத்தாறு எழுத்துகளை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிற பாஷை அது. அதைப் பக்கத்தில் மட்டும் பார்த்துக் கற்க முடியாது. நன்றாகப் பேசும் ஒரு வாயிலிருந்து கேட்டாக வேண்டும்.

ராதாகிருஷ்ணனுக்கு அந்த வாய் கிடைத்தது. திருப்பதியில் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் ஏ.ஜி. ஹாக் போன்ற பேராசிரியர்கள். மேதைமை அவருடையது. ஆனால் ஆங்கிலம் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் காதாரக் கேட்டு வளர்ந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று மலையடிவாரத்துப் பள்ளியில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆகவே ஒரு யந்திரம் குரலைக் கொண்டுவந்து கொடுக்குமானால், அது சலுகை பெற்ற சிலரிடம் இருந்ததை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். கிராமபோனும் ரேடியோவும் செய்ய முயன்ற காரியம்தான். செல்போன் அதை இன்னும் சுலபமாகச் செய்யும். நின்ற இடத்திலிருந்து பத்து தடவை திருப்பிச் சொல்லும், சலித்துக்கொள்ளாது.

இதே புத்தகத்தில் ‘டெக் புளூமர்ஸ்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் கணினியின் துணையால் தங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லக் கற்பதைப் பற்றியது. யந்திரத்தின் உத்தமமான தொழில் எது என்பதை அந்தப் பாடமே சொல்லிவிடுகிறது. குரல் இல்லாத இடத்தில் குரல் கொடுப்பது.

என் ஆட்சேபம் குரலைப் பற்றியது அல்ல, படத்தைப் பற்றியது.

ஓஃப்ளஹர்ட்டியின் ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ கதையை எடுத்துக்கொள்வோம். பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே தனித்து நிற்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சு. பசி. எதிரே தாய்ப் பறவை மீன் துண்டோடு வருகிறது. எட்டும் தூரத்தில் வந்து நின்றுவிடுகிறது. பசி தாங்காமல் குஞ்சு பாய்கிறது, விழுகிறது, விழுந்துகொண்டே பறக்கிறது. கதை இவ்வளவுதான். ஆனால் இதன் உயிர் எங்கே இருக்கிறது? கடலிலும் இல்லை, சிறகிலும் இல்லை. பயமும் பசியும் ஒரே நெஞ்சுக்குள் கட்டிப் புரள்கிற அந்த நேரத்தில் இருக்கிறது. எழுத்தாளர் அந்த நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறார். நாமும் வாக்கியத்துக்கு வாக்கியம் அந்த விளிம்பில் நிற்க வேண்டியிருக்கிறது. காணொளியில் பறவை வருகிறது, கடல் வருகிறது, இரண்டு நிமிஷத்தில் பறந்தும் விடுகிறது. பார்த்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியும். படித்த பிள்ளைக்குத்தான் அது எப்படி இருந்தது என்று தெரியும். இலக்கியம் என்பது இரண்டாவது விஷயம்.

காகிதம் உயர்ந்தது, திரை தாழ்ந்தது என்று நான் வாதாடவில்லை. 2018இல் டெல்காடோவும் அவருடைய குழுவினரும் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தகவல் சொல்லும் கட்டுரைகளைத் திரையைவிடக் காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. கதையை எதில் படிக்கிறோம் என்பதைவிட, படிக்கிறோமா என்பதே கேள்வி.

“முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு ஆங்கில வாக்கியமே புரியாதபோது, காணொளியும் தமிழ் விளக்கமும் இல்லாமல் என்ன செய்வது?” என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் பல வீடுகளில் வகுப்பறையாக இருந்தது. அதை இகழ எனக்கு மனம் வராது. திருத்தணி மலைமேல் கார் போகப் பாதை இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு அது வேண்டும். ஆனால் வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழாவில், டிசம்பர் 31 அன்று அந்த 365 படிகளையும் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறுகிறார்களே, அவர்களுக்குச் சந்நிதி மாத்திரம் லட்சியமா? படிகளும் லட்சியம்தான். கதையின் முடிவை மட்டும் தெரிந்துகொண்டு, விடையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிற பிள்ளை காரில் மலையேறியவன். அவனைக் குறை சொல்ல முடியாது. படிகளை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

இதில் நஷ்டம் என்ன என்பதை இன்னொரு கதை காட்டும். டோடேயின் ‘தி லாஸ்ட் லெஸன்’. யுத்தத்தில் ஒரு பிரதேசம் கைமாறுகிறது. பள்ளியில் இனி வேறு பாஷைதான் என்று உத்தரவு வருகிறது. கடைசி வகுப்பில் ஊர்ப் பெரியவர்களும் வந்து பின்பெஞ்சில் உட்காருகிறார்கள். இதைத் திருத்தணியில் ஒரு பையன் மெதுவாகப் படித்தால், பாட்டி சொன்ன எல்லைப் போராட்டம் ஞாபகம் வரலாம். தெலுங்கில் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வரலாம். பிரான்ஸ் தேசத்துப் பின்பெஞ்சில் அவன் தன் ஊர்க்காரர்களை உட்கார வைத்துவிடுவான். காணொளியில் அந்தப் பெஞ்சு ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. கன்னியாகுமரிக்கும் திருத்தணிக்கும் அது ஒரே பெஞ்சுதான், ஒரே முகங்கள்தான்.

ஆகவே புத்தகம் தயாரிப்பவர்களுக்கு என் யோசனை எளியது, செலவும் குறைவு. கதைப் பக்கத்தில் உள்ள சதுரத்தைத் தொட்டால் முதலில் படம் வர வேண்டாம். நல்ல உச்சரிப்புள்ள ஒருவர் நிதானமாக, உணர்ச்சியோடு அந்தக் கதையை முழுக்க வாசிக்கிற குரல் மட்டும் வரட்டும். பிள்ளையின் கண் எழுத்தின்மேல் இருக்கட்டும். கடினமான சொல்லுக்குத் தமிழிலோ தெலுங்கிலோ அர்த்தம் சொல்லட்டும். படம் வேண்டுமானால் கதை முடிந்த பிறகு வரட்டும். அப்போது பிள்ளை அதைப் பார்த்து, “இது நான் நினைத்த மாதிரி இல்லையே” என்று சொல்லலாம். அப்படிச் சொல்கிற பிள்ளை வாசகனாகிவிட்டான். பாஷையை அவன் பிறகு தானே பார்த்துக்கொள்வான்.