மூச்சைக் கூறு போடும் பாடத்திட்டம்

சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் வளர்ந்த நமக்கு மூச்சு என்பது தத்துவம் அல்ல. ராத்திரி காதில் விழுந்த சத்தம். சுரங்கத்தில் பாறைத்தூளைச் சுவாசித்த பெரியவர்கள் முழங்காலில் கை ஊன்றி, "இருப்பா, மூச்சு வரட்டும்" என்பார்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் 1947ல் கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்தே பதிவானதாக மருத்துவ மாணவர்களின் பாடநூல் சொல்கிறது. சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் ரயிலேறிப் பெங்களூர் போய்ப் பிசியோதெரபியும் யோகாவும் படிக்கிறார்கள். அந்தப் படிப்பைப் பற்றியே இக்கட்டுரை.

யோகத்திற்குப் பல்கலைக்கழக மதிப்புக் கிடைத்தது நல்லதே. ஜிகணியிலுள்ள விவேகானந்த யோக நிறுவனம் 2002ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆனால் பொதுவாகச் சுகாதாரப் படிப்புகள் மூச்சைக் கூறு போட்டுவிடுகின்றன. நுரையீரல் பாடத்தில் சுவாசப் பயிற்சி. முதுகுவலிப் பாடத்தில் 'கோர்' எனப்படும் நடுவுடல் பயிற்சி. யோகா வகுப்பில் பிராணாயாமம். மூன்றிலும் வேலை செய்வது ஒரே உதரவிதானம்தான். நடுவுடலை ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால், அதுவே கூரை. இடுப்புத்தளத் தசைகள் தரை. வயிற்றுத் தசையும் முதுகுத்தண்டுத் தசையும் சுவர்கள். கூரை அசையாமல் சுவர் மட்டும் எப்படிப் பலப்படும்? பாரம் தூக்கி விலாவோ முதுகோ பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் "மூச்சுப் பிடிப்பு" என்கிறோம். பாடத்திட்டம் பிரித்ததை நம் பேச்சு சேர்த்தே வைத்திருக்கிறது.

இன்னொரு குறை பெரிது. வகுப்பில் பயிற்சி செய்வது இருபது வயது நுரையீரல். பூரகம், கும்பகம், ரேசகம் என்று திருமூலர் மரபில் வந்ததை எண்ணிக்கை சொல்லி ஒப்பித்தால் போதாது. தழும்பேறிய நுரையீரல்காரரிடம் நெடுநேரம் மூச்சை அடக்கச் சொல்வது ஆபத்து. அவருக்கு வேண்டியது உதட்டைக் குவித்து மெதுவாக வெளிவிடுவது, எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை விடுவது, அளவாக நடப்பது. இதனால் தழும்பு ஆறாது. ஆனால் இளைப்புக் குறையும், நடக்கும் தூரம் கூடும். ஆறு நிமிட நடைச் சோதனை அதைக் காட்டிவிடும்.

ஆகவே மாணவருக்கு மதிப்பெண் போடும் இடம் யோகா விரிப்பு மட்டுமாக இருக்கக் கூடாது. பல்கலைக்கழகம் மாறும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். லீவுக்கு வரும் பிள்ளையைத் தெருவில் இளைக்கும் தாத்தா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். நம் ஊர் மூச்சு நம் பிள்ளைகளுக்கும் பாடமாகட்டும்.