களரியும் விரிவுரை மண்டபமும்

ஈழத்து நாடக வரலாற்றை எழுதுவோர் பேராதனைக் கூத்துத் தயாரிப்புகளுக்குத் தனியிடம் அளிப்பர். 1956இல் எதிரிவீர சரச்சந்திர அளித்த ‘மனமே’ சிங்கள அரங்கிலே ஏற்படுத்திய திருப்பத்தைத் தொடர்ந்து, தமிழ்க் கூத்து மரபை நோக்கிப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் திரும்பினார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்பன அதனைத் தொடர்ந்தன; 1967இல் ‘வாலிவதை’ வந்தது. மரபின் மீட்பு, விடியவிடிய ஆடிய கூத்தின் சுருக்கம், வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு நேர்ந்த மாற்றம் ஆகியவை பற்றி விமர்சகர் பலவாறு எழுதியுள்ளனர். ஆயின், அவற்றில் ஆடிய மாணவர் எதனை, எவ்வாறு கற்றனர் என்ற வினா போதிய கவனம் பெறவில்லை.

மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்துப் பயிற்சி ஒரு முழுமையான கல்வி முறையாகும். சட்டம் கொடுத்தல், கிழமைக் கூத்து, சலங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிமுறையாக அது வளர்கிறது. அங்கே புள்ளி வழங்குவோர் எவருமிலர். கால் பிசகினால் மத்தளம் காட்டிக்கொடுக்கும். குரல் தளர்ந்தால் சபை உணர்ந்துகொள்ளும். மனனஞ்செய்து ஒப்புவிக்கும் திறமை அங்கே செல்லாது. உடலும் குரலும் செவியும் ஒருங்கே பழகவேண்டும். தன் ஆட்டத்தைப் பிறர் ஆட்டத்தோடு இணைக்கவும் அறிந்திருக்கவேண்டும்.

இக்கல்வி பேராதனைக்கு வந்தபோது முக்கியமானதொரு மாற்றம் நிகழ்ந்தது. பட்டமெதுவும் பெறாத அண்ணாவியார் ஆசிரியரானார். பல்கலைக்கழக மாணவன் அவர்முன் தாளக்கட்டுப் பழகும் தொடக்கநிலை மாணவனானான். அதேவேளை, ‘இராவணேசன்’ பாத்திரத்தின் மனப் போராட்டத்தை முதன்மைப்படுத்தியது. ஏன் இந்த ஆட்டம், எதற்கு இந்த மாற்றம் என வினவும் பயிற்சி பல்கலைக்கழகம் தந்தது. களரி செய்திறனைத் தந்தது. இரண்டும் கலந்தமையே அத்தயாரிப்புகளின் பலம்.

எனினும், அக்கொடுக்கல் வாங்கல் சமமானதாக அமைந்ததெனக் கூறுவதற்கில்லை. மேடையின் புகழ் பல்கலைக்கழகத்தை வந்தடைந்த அளவுக்கு அண்ணாவியாரின் புலமை ‘கல்வி’ என அங்கீகாரம் பெறவில்லை. அவர் தகவலாளராகவே பெரும்பாலும் நோக்கப்பட்டார்.

இன்று நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்குரிய பாடம், பல்கலைக்கழகங்களிலும் பயிலப்படுகிறது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. ஆனால், வடமோடி, தென்மோடி வேறுபாடுகளை வரிசைப்படுத்தி எழுதும் மாணவன் ஒரு தாளக்கட்டையேனும் ஆடியறியாதிருப்பின், பாடம் வென்று கலை தோற்றதாகவே முடியும். வகுப்பறைக்கு வெளியே பெற்ற திறனைப் பாடத்திட்டம் உள்வாங்கும்போது, அதனை விளைவித்த சூழலையும் பேணவேண்டும். நீண்ட ஒத்திகை, கூட்டுப் பொறுப்பு, உண்மையான சபை, தொழிலறிந்த ஆசான் ஆகியவையே அச்சூழல். இவற்றை ஒதுக்கிவிட்டு வினாத்தாளை மட்டும் பேணினால், எஞ்சுவது கூத்தைப் பற்றிய குறிப்பேயன்றிக் கூத்தன்று.