சேதாரம் இல்லாத எழுத்து

பெயர் பொறித்த டாலர்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பெரிய மால்களின் நடைவழியில் ஒரு மேசை, அதன்மேல் கணினி, பக்கத்தில் லேசர் பெட்டி. பெயரைச் சொன்னால் வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் டாலர் கைக்கு வந்துவிடும். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் இன்னொரு வகை டாலரும் உண்டு. முனையில் ஓர் எழுத்தைச் சுமக்கும் எஃகு உளியை வில்லையின்மேல் செங்குத்தாக நிறுத்தி, சுத்தியலால் ஓர் அடி. அடுத்த எழுத்துக்கு அடுத்த உளி, அடுத்த அடி. இரண்டு டாலர்களையும் அருகருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். எது அடித்தது என்று விரல் சொல்லிவிடும்.

நகைக்கடையில் நம்மைப் பயமுறுத்தும் சொல் சேதாரம். செதுக்கினால் சேதாரம் உண்டு. உளி சீவியெடுத்த வெள்ளி துகளாக வெளியே போகிறது. அடித்தால் அப்படியில்லை. வெள்ளி எங்கும் போகாமல் எழுத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அடிப்பதற்கு முன்னும் பின்னும் தராசு ஒரே எடையைத்தான் காட்டும். ஒதுங்கிய உலோகம் எழுத்தின் விளிம்பில் மயிரிழை அளவுக்கு மேடு கட்டி நிற்கும். வில்லையைச் சாய்த்து விளக்கொளியில் திருப்பினால் அந்த மேட்டின் மினுக்கம் தெரியும். நல்ல வேலையைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் மேடு ஒரே சீராக இருந்தால் உளி நேராக நின்றிருக்கிறது. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மறைந்திருந்தால், அடித்தவரின் இடதுகை சாய்ந்திருக்கிறது.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு இந்தக் கருவி புதிதல்ல. லெட்டர் பஞ்ச், நம்பர் பஞ்ச் என்று பட்டறையில் சொல்வார்கள். தான் அராவி முடித்த இரும்புத் துண்டில் தன் எண்ணை அடித்துக் கொடுத்த ஞாபகம் பலருக்கு இருக்கும். ஆங்கில எழுத்துப் பெட்டியில் பெரும்பாலும் 27 உளிகள்: 26 எழுத்துகளோடு ஒரு '&'. எண் பெட்டியில் 9 போதும். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரும்புப் பட்டறையின் முரட்டுப் பஞ்சைவிட நகைக்கு வேண்டியது சிறியது. ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குள் எழுத்து அடங்கிவிட வேண்டும்.

கருவி எளிது. கடினமெல்லாம் உலோகத்தின் குணத்தை அறிவதில் இருக்கிறது. அலுமினியம் சொன்ன பேச்சைக் கேட்கும், செம்பும் கேட்கும், பித்தளை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 925 வெள்ளியில் ஆயிரத்துக்கு 75 பங்கு பெரும்பாலும் செம்புதான். அந்தச் செம்புதான் அதற்கு உறுதியைத் தருகிறது. இவை எல்லாமே அடிக்க அடிக்க இறுகும். இறுகிய தகட்டில் எழுத்து ஆழமாக இறங்காது. அதனால்தான் பத்தர் ஊதுகுழலை எடுக்கிறார். வெள்ளியை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவைத்தால் இறுக்கம் விட்டுப்போகும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியாது என்பதால் பட்டறையின் இருட்டு மூலையில்தான் காய்ச்சுவார்கள். பழைய பட்டறைகள் ஏன் அப்படி இருண்டு கிடந்தன என்பதற்கு வறுமை மட்டும் காரணமல்ல.

வில்லையின் கீழே எஃகுப் பட்டடை அசையாமல் இருக்க வேண்டும். மரத்தின்மேல் வைத்து அடித்தால் அடியின் பாதி வலுவை மரமே விழுங்கிவிடும், வில்லையும் குழிந்துபோகும். சுத்தியலுக்குப் பித்தளைத் தலை நல்லது. எஃகு எஃகின்மேல் விழும்போது துள்ளும், பித்தளை அவ்வளவு துள்ளாது. துள்ளினால் என்ன? உளி ஒரு நூல் நகர்ந்து இரண்டாவது முறை தொட்டுவிடும்; எழுத்துக்குப் பக்கத்தில் அதன் ஆவிபோல இன்னொன்று விழும். இதை அழிக்க முடியாது. தேய்த்து எடுக்கலாம், ஆனால் தேய்த்த இடத்தில் வில்லை மெலிந்து பள்ளமாகத் தெரியும்.

இதையெல்லாம்விட நுணுக்கமான ஒன்று உண்டு. ஒரே வலுவில் அடித்தால் எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில் இறங்காது. ஆங்கில 'ஐ' ஒற்றைக் கோடு. அடியின் முழு வலுவும் அந்த ஒரு கோட்டில் குவியும். 'எம்' நான்கு கோடு. அதே வலு நான்காகப் பிரியும். முற்றுப்புள்ளிக்கு உளியைத் தொட்டாலே போதும், ஓங்கினால் தகட்டின் மறுபக்கம் புடைத்துவிடும். ஆகவே ஒரு பெயரை அடிப்பவர் மனசுக்குள் எழுத்துக்கு எழுத்து சுத்தியலின் கனத்தை மாற்றிக்கொண்டே போகிறார். மிருதங்கக்காரர் ஒரே தோலில் சொல்லுக்குச் சொல் விரலின் பாரத்தை மாற்றுவதைப் போன்ற வேலை இது. முடிந்த வில்லையில் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தக் கணக்கு சரியாக வந்ததற்கு அடையாளம்.

இடைவெளி அடுத்த சோதனை. தேர்ந்தவர்கள் பெயரை நடு எழுத்திலிருந்து தொடங்கி இருபுறமும் பரப்புவார்கள். இடது ஓரத்தில் தொடங்கியவர்களுக்குக் கடைசி எழுத்து விளிம்பில் போய் நெருக்கும். விளிம்பருகே அடித்தால் வில்லையின் வட்டமே அந்த இடத்தில் வெளியே பிதுங்கும். எழுத்துகளுக்கிடையே அளவுகோல் வைத்துச் சம தூரம் விட்டாலும் பயனில்லை. 'ஏ'யும் 'வி'யும் பக்கத்தில் வந்தால், ஒன்று மேலே குறுகியும் மற்றொன்று கீழே குறுகியும் இருப்பதால், நடுவில் வெற்றிடம் பெரிதாகத் தோன்றும். நெருக்கி அடிக்க வேண்டும். இரண்டு செங்குத்துக் கோடுகள் அடுத்தடுத்து வந்தால் தள்ளி அடிக்க வேண்டும். அளவுகோல் சொல்வதைக் கண் திருத்துகிற இடம் இது.

கடைசியில் கறுப்பு. கந்தகக் கரைசலில் முக்கினால் வெள்ளி கறுத்துவிடும். மேற்பரப்பை மட்டும் நுண்ணிய இரும்பு நார் கொண்டு துடைத்தெடுத்தால் பள்ளத்துக்குள் கறுப்பு தங்கும், எழுத்து எழுந்து நிற்கும். அலுமினியத்துக்குக் கந்தகம் பலிக்காது, மைதான். சிலர் வில்லை முழுதும் கறுப்பை விட்டுவிட்டுப் 'பழமைத் தோற்றம்' என்கிறார்கள். எனக்கு அது அழுக்காகத்தான் படுகிறது.

இன்னொரு மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையால் செய்தது என்று நம்பவைக்க வேண்டுமென்றே எழுத்துகளைக் கோணலாக அடிக்கிற வழக்கம் வந்திருக்கிறது. கோணல் தானாக வர வேண்டும். நேராக அடிக்கப் பாடுபட்ட கையில் மிச்சமாக நிற்கும் ஒரு நூல் பிசகு அழகு. அதற்கு நான் மயங்கியிருக்கிறேன். திட்டமிட்ட கோணல் வெறும் வேஷம். நேராக அடிக்கத் தெரிந்தவரின் கோணலையும் தெரியாதவரின் கோணலையும் அந்த விளிம்பு மேடே காட்டிக்கொடுத்துவிடும்.

நகையாகும் முன்பு இந்த வில்லைக்கு வேறு வாழ்க்கை இருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1907இல் சிப்பாய்களுக்கு அலுமினிய அடையாள வில்லை கொடுக்கத் தொடங்கியது. எண், பெயர், படைப்பிரிவு, மதம் எல்லாம் அதில் எழுத்து எழுத்தாக அடித்திருக்கும். 1914இல் போர் வந்ததும் அலுமினியத்தை விட்டு அழுத்திய நார் வில்லைக்கு மாறினார்கள். 1916 செப்டம்பரிலிருந்து ஆளுக்கு இரண்டு: பச்சை எண்கோணம் உடலோடு இருக்க, சிவப்பு வட்டம் கழற்றி எடுக்க. ஆனால் ஈர மண்ணில் நார் மக்கிப்போகும். சிப்பாய்கள் இதை அறிந்திருந்தார்கள். தங்கள் செலவில் உலோகத் துண்டிலும் தேய்த்து மழித்த நாணயத்திலும் பெயரைப் பொறித்துச் சங்கிலி கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். அருங்காட்சியகங்களில் இன்று அவற்றைப் பார்க்கும்போது அடிப்பின் தரத்தைப் பற்றிப் பேச வாய் வருவதில்லை.

அச்சுத் தொழிலோடு இந்த எழுத்து அடிப்புக்கு இன்னும் நெருங்கிய உறவு. அச்செழுத்து வார்ப்பவர்கள் எஃகு முனையில் எழுத்தைத் திருப்பி வெட்டுவார்கள். அதைச் செம்புத் துண்டில் அடித்தால் நேரான எழுத்து பள்ளமாக விழும். அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினால் அச்செழுத்து. பெயர் அடித்த டாலர் ஒவ்வொன்றும் உண்மையில் எதையும் வார்க்காத ஒரு தாய் அச்சு. தமிழுக்கு இந்த வேலையை நேர்த்தியாகச் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். மெட்ராசில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்திய ஹண்ட் காலத்துச் சிறிய தமிழ் எழுத்துகளை 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் பார்க்கலாம். ணகரத்தின் சுழிகளை அந்தச் சின்ன உருவுக்குள் அடைக்காமல் அடக்கியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் தமிழில் பெயர் அடிக்க ஒரு பெட்டி உளி கேட்டால் எந்தக் கடையிலும் எளிதில் கிடைப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 247க்கும் உளி வேண்டாம். ஔ வேண்டுமானால் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிக்கலாம். புள்ளிக்கு ஓர் உளி. அதையே மூன்று முறை அடித்தால் ஆய்தம். கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கும் தனித்தனியே நிற்கும். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா, றா போன்ற 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்களைப் பிரித்துவிட்டதால் அங்கேயும் உளி மிச்சம். மாட்டிக்கொள்வது உகரத்திலும் ஊகாரத்திலும்தான். கு, சு, டு, து ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி வளைகிறது. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 உளிகள் தனியாக வேண்டும். எப்படிச் சுருக்கினாலும் பெட்டி 70க்குக் கீழே இறங்காது. இகரக் கொக்கி இன்னொரு தலைவலி. அதைத் தனி உளியில் வைத்தால் முதல் அடி விழுந்த எழுத்தின் தோளில் இம்மி பிசகாமல் இரண்டாம் அடி தொட வேண்டும்.

நம் ஊரின் பதில் வேறாக இருந்தது. எவர்சில்வர் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் எழுத்துப் பெட்டி இல்லை. கூர்முனை உளி ஒன்று, சின்னச் சுத்தியல் ஒன்று. முன்கூட்டி எழுதிப் பார்ப்பதும் இல்லை. குடத்தின் கழுத்தடியில் உளியை வைத்துத் தட்டத் தொடங்கினால் புள்ளிக்குப் பின் புள்ளியாக எழுத்து ஊர்ந்து போகும். தலைப்பெழுத்து, பெயர், தேதி, கல்யாணச் சீர் என்றால் கொடுத்தவர் பெயரும். தட்டுவதை நிறுத்தாமலே அடுத்த வாடிக்கையாளரிடம் "இனிஷியல் என்னம்மா?" என்று கேட்பார். உகரமும் ஊகாரமும் அவருக்குத் தொல்லையே இல்லை, ஏனென்றால் அவர் எழுத்தை அடிப்பதில்லை, எழுதுகிறார். ஒவ்வொரு புள்ளியும் அடிதான். உலோகம் ஒதுங்குகிறது, சேதாரம் இல்லை. வளைந்து வளைந்து போகும் நம் எழுத்துக்கு முழு எழுத்தைச் சுமக்கும் உளியைவிட இந்தப் புள்ளி நடைதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது மின்சாரப் பேனா வந்துவிட்டது. கோடு வேகமாக வருகிறது. ஆனால் புள்ளிகளுக்கிடையே இருந்த சீரான மூச்சு அதில் இல்லை.

ஆகவே தமிழில் பெயர் பொறித்த வெள்ளி டாலர் வேண்டுமென்று கேட்பவர்களை நான் நகைக்கடைக்கு அனுப்புவதில்லை. நகைக்கடையில் வெறும் வில்லை மட்டும் வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும், மெருகு போடாமல் இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைத் தெருவில் இன்னும் கையால் வெட்டுகிற பெரியவர் யார் என்று விசாரியுங்கள். தட்டையான இரும்பின்மேல் வைத்து வெட்டச் சொல்லுங்கள். எவர்சில்வரில் பழகிய கைக்கு வெள்ளி மெத்தென்று இருக்கும், முதல் புள்ளி தேவைக்கு மேல் ஆழமாகப் போய்விடும். அதனால் கூடவே அதே கனத்தில் ஒரு செப்புத் தகடும் கொடுத்து, பெயரை முதலில் அதில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு கேட்டாலும் பேரம் பேசாதீர்கள்.