போர்க்களம் காட்டாத போர்ப்படங்கள்

போர்ப்படம் என்றதும் வெடியோசையும் படையணிகளும் நினைவுக்கு வருதல் இயல்பே. பெரும் பணம் கொட்டி எடுக்கப்படும் படங்கள் அவ்வெதிர்பார்ப்பை நிறைவு செய்கின்றன. எனினும், இலங்கையின் போரை நேர்மையோடு பேசிய படங்களுட் சில சிறுமுதலில் உருவானவையே. அவை நம்மை ஈர்ப்பதேன்?

பிரசன்ன விதானகே 1997இல் உருவாக்கிய 'புரஹந்த களுவர' என்னும் சிங்களப் படத்தை நோக்குவோம். பார்வையிழந்த முதியவர் வன்னிஹாமியின் வீட்டுக்கு, போர்முனை சென்ற மகனின் உடல் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது. மகன் இறந்தான் என நம்ப அவர் மறுக்கிறார். இழப்பீட்டுப் பணத்துக்கும் இணங்க மறுக்கிறார். ஈற்றில் புதைகுழியைத் தாமே தோண்டுகிறார். ஜோ அபேவிக்ரமவின் அடங்கிய நடிப்பே படத்தின் பலம். போர்க்களம் எங்குமே காட்டப்படவில்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டில் அரசு இதனைத் திரையிடாது தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பே வழிதிறந்தது. பீரங்கிக்கு அஞ்சாத அதிகாரம் ஒரு கிழவரின் ஐயத்துக்கு அஞ்சியது எனலாம்.

ஊவாத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இப்படத்தின் மொழி அந்நியமன்று. போர்முனை வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. பதுளை மலைகளுக்கோ அது அடையாள அட்டைச் சோதனையாக, சந்தேகக் கைதாக, வதந்தியாக வந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் 20க்கும் மேற்பட்டோர் கும்பலொன்றினால் கொல்லப்பட்டனர். அங்கே போர்முனை இல்லை, போர் இருந்தது. 1977இலும் 1983இலும் வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பங்களுட் பல 2009இன் இறுதிப் போருக்குள்ளும் அகப்பட்டன. இத்தகைய துயரைச் சொல்லப் படையணிகள் வேண்டா. ஒரு லயக் காம்பராவே போதும்.

ஆனால் சிறுமுதல் தன்னளவில் ஒரு சிறப்பாகிவிடாது. தொஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவி விதானகே 2012இல் எடுத்த 'ஒப நதுவா ஒப எக்க' மலைநாட்டு அடகுக்கடை ஒன்றில் நிகழ்கிறது. முன்னாள் இராணுவத்தினன் ஒருவனும், போரில் சகோதரரை இழந்து வடக்கிலிருந்து வந்த செல்வியும் மணவாழ்வில் இணைகின்றனர். அவன் மறைத்த கடந்தகாலம் இருவருக்குமிடையே சுவராகிறது. மனச்சான்றை நுணுகி நோக்கும் உயர்ந்த படம் இது என்பதில் ஐயமில்லை. எனினும் மலைநாடு இங்கே வடக்கின் துயருக்குப் புகலிடமாகவே நிற்கிறது. தோட்ட மக்கள் பட்ட போர் கதையின் மையமாகவில்லை.

சிறுபடத்தின் உண்மையான கவர்ச்சி, பிறர் பொருட்படுத்தாத வீட்டின் கதவைத் தட்டுவதில் உள்ளது. புகழ்பெற்ற நடிகரோ பெருமுதலோ வேண்டாத இக்கலை நமது இளைஞர் கைக்கும் எட்டக்கூடியதே. வன்னிக்குப் போய்த் திரும்பாதோரின் பெயர்களை இன்றும் சொல்லி அழும் முதியோர் நம் தோட்டங்களில் உள்ளனர். அவர்கள் மறையுமுன் அக்கதவும் தட்டப்படல் வேண்டும்.